ஏழு விசேஷத்துக்கு விட்டுப்போன வீடு

லெப்பைக்குடிக்காட்டில் கல்யாணம் என்றால் பத்திரிகை ஆண்களுக்கு, வாய்ச்சொல் பெண்களுக்கு. தொழுதுவிட்டு வெளியே வருகிற ஆம்பளை கையில் பத்திரிகையைத் திணித்தால் அவர் வந்துவிடுவார். வீட்டுப் பெண்கள் அந்தப் பத்திரிகையை எடுத்து விசிறிக்கொள்வார்களே தவிர, புறப்பட மாட்டார்கள். ஒருத்தி வாசலில் வந்து நின்று, "இன்னார் வூட்டுல ஸலாம் சொல்லிவிட்டாங்க, வர்ற ஞாயித்துக்கிழமை மகளுக்கு நிக்காஹ், எல்லாரும் வந்துரணும்" என்று வாயால் சொல்ல வேண்டும். அப்புறம்தான் பீரோ திறக்கும், சேலை வெளியே வரும்.

அப்படிச் சொல்கிறவள் நஜீமா. முந்நூற்று எண்பது வீடு அவள் பொறுப்பு.

வாசலில் நின்று கூப்பிடுவதில் என்ன பெரிய வித்தை என்று கேட்டுவிடாதீர்கள். மாமியாரும் மருமகளும் தனித்தனியாக உலை வைக்கிற வீட்டில் இரண்டு தடவை அழைக்க வேண்டும், அதுவும் மாமியாரை முதலில். புருசன் மவுத்தாகி, துக்கம் காத்து வெளியே வராமல் இத்தா இருக்கிறவளிடம் "வந்துரணும்" என்று சொல்லக் கூடாது, "துஆ செய்யுங்க" என்று சொல்லிவிட்டு நகர வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருந்தால், ஒரு வீட்டில் சொல்வது மறு வீட்டில் கேட்கக் கூடாது. இதெல்லாம் நஜீமாவின் தலைக்குள் இருந்தது. அவள் அம்மா இதே வேலை செய்தவள். புருசன் இலியாஸ் குவைத்துக்குப் போன வருசம், சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்க முடியாமல் அம்மாவோடு நடக்க ஆரம்பித்தாள். இருபத்தாறு வருசம் ஆயிற்று. ஒரு வீடு விட்டதில்லை என்று அவளே சொல்லுவாள், கேட்காதவர்களிடமும் சொல்லுவாள்.

நாற்பத்தெட்டாவது வயதில் அவளுக்கு மூட்டுக்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, வலி பாதி நின்றது. ஆனால் தலைக்குள் ஏதோ ஓட்டை விழுந்துவிட்டது. தெரிந்த பெயர் வாய்க்கு வராது. ஒரு தெருவுக்குள் நுழைந்தபின் எந்த வீடு முடிந்தது, எந்த வீடு பாக்கி என்று நின்று யோசிக்க வேண்டியிருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பல் விழுந்தவள் வாயைப் பொத்திச் சிரிப்பதுபோல அதைப் பொத்திக்கொண்டு நடந்தாள்.

அந்த நேரத்தில்தான் இலியாஸ் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். குவைத்தில் ஒரு கம்பெனி குடோனில் ஸ்டோர் கீப்பர். அலமாரிக்கு அலமாரி அட்டை மாட்டி, என்ன உள்ளே வந்தது, என்றைக்கு, யார் கொண்டுவந்தது என்று எழுதிவைத்தே பழகின கை. வந்து பத்து நாளில் மசாலா டப்பாவுக்கெல்லாம் சீட்டு ஒட்டிவிட்டார். "மஞ்சத்தூளைப் பார்த்தா மஞ்சத்தூளுன்னு எனக்குத் தெரியாதா மச்சான்" என்று நஜீமா தலையில் அடித்துக்கொண்டாள்.

பிறகு ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கிவந்து ஏஐயிடம் பேச ஆரம்பித்தார். பேசினால் அழகாகப் பதில் சொல்லும். வேலை கொடுத்தால் செய்யும். ஆனால் மறுநாள் காலையில், "நீங்கள் யார், என்ன உதவி வேண்டும்" என்று முதலிலிருந்து கேட்கும். இலியாஸுக்கு அது பொறுக்கவில்லை.

"தினம் காலையில புதுசா வேலைக்குச் சேர்ந்தவன் மாதிரி வந்து நிக்குது. இவனை வெச்சு எப்படி குடோன் நடத்துறது?"

அதனால் அதற்கு ஒரு ஞாபகம் கட்டிக் கொடுத்தார். வீட்டுக் கம்ப்யூட்டருக்குள்ளேயே குறிப்பு. வீட்டுக்கு ஒரு குறிப்பு, முந்நூற்று எண்பது வீட்டுக்கும் முந்நூற்று எண்பது. ஒவ்வொன்றிலும் ஒரே வரிசையில் இடம் போட்டார்: தெரு, ஆட்கள் பெயர், யாரோடு பேச்சில்லை, இத்தா உண்டா, எப்படி அழைக்கணும், அந்த வீட்டில் யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது. பேசுவதற்கு முன்னால் அது அந்தக் குறிப்புகளைப் படித்துக்கொள்ள வேண்டும், பேசி முடித்ததும் புதுசாகத் தெரிந்ததை அதது இடத்தில் எழுதிவைக்க வேண்டும். நஜீமா தெருவில் நின்று போனில் கேட்டால் அங்கிருந்து பதில் வரும். ஒரு வீட்டில் அழைத்து முடித்ததும் போனில் சொன்னால், போன நேரத்தோடு குறித்துக்கொள்ளும்.

"ஊர்ப் பொம்பளைங்க சங்கதி எல்லாம் இன்டர்நெட்டுல போயிராதுங்களா?"

"எழுதிவைக்கிற குறிப்பு நம்ம வூட்டுப் பெட்டியிலதான் இருக்கும். நீ சொல்லு, அது எழுதும்."

"இந்த வயசுல எனக்கு ஒரு சக்களத்தியைக் கொண்டாந்து வெச்சிருக்கீங்க."

"சக்களத்தி இல்ல, கையாளு."

"கையாளுக்குச் சொல்லிக் குடுக்கவே மூணு மாசம் ஆவும் போல இருக்கே."

மூன்று மாசம்தான் ஆயிற்று. தினமும் காலைப் பசியாறியபின் உட்கார்ந்து தெருத் தெருவாகச் சொல்லி முடித்தாள். சும்மா சொல்லக் கூடாது, அது உதவியாகத்தான் இருந்தது. ஆனாலும், "எனக்கு இது தேவையே இல்ல, உங்க மனசுக்காக வெச்சிருக்கேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி மாசம் அத்னான் கல்யாணம் வந்தது. அத்னானின் அம்மா பெரிய தெருக்காரி, வாய் நீளம். வடக்குத் தெருவை அழைக்கப் போன அன்று நல்ல மழை. பத்து வீடு முடித்துவிட்டு ஒரு வீட்டில் தேத்தண்ணீர் குடிக்க உட்கார்ந்தாள். சூடான போண்டா கொடுத்தார்கள், பேச்சு நீண்டது, எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். தெருக்கோடியில் சாகுல் ஹமீது வீடு பாக்கி. சாகுல் ஹமீதும் மகனும் ஜித்தாவில் இருக்கிறார்கள். வீட்டில் அவர் மனைவி பெனாசிர், மகள் மர்வா, படுக்கையில் கிடக்கிற மாமியார். பத்திரிகை வாங்கி வருவதற்கும் ஆம்பளை இல்லாத வீடு.

சாயங்காலம் இலியாஸின் தங்கச்சி வந்திருந்தாள். இலியாஸ் பெருமையாகப் போனை ஒலிபெருக்கியில் வைத்தார்.

"வடக்குத் தெருவில் பத்து வீட்டுக்குக் குறிப்பு வந்திருக்கிறது. சாகுல் ஹமீது வீட்டுக்கு வரவில்லை. அழைத்தாயிற்றா?" என்று அது கேட்டது.

இலியாஸ் சிரித்தார். "பார்த்தியா? ஒரு வூடு விட்டதில்லேன்னு இருபத்தாறு வருசமா முழங்கினியே. பிடிச்சிருச்சு பாரு."

தங்கச்சியும் சிரித்தாள். நஜீமாவுக்குக் காதுமடல் சுட்டது.

"யாரு விட்டது? போனேன். அவங்களுக்கு இப்ப விசேஷத்துக்கு வர்ற மனசு இல்லையாம். அவங்களாச் சொல்ற வரைக்கும் அழைக்க வேணாம்னுட்டாங்க."

"குறித்துக்கொண்டேன்" என்றது அது.

பொய்தான். மறுநாள் காலையில் போய் அழைத்துவிடலாம் என்று நினைத்துச் சொன்ன பொய். மறுநாளும் மழை. அதற்கு மறுநாள் நிக்காஹ்.

அடுத்த கல்யாணத்துக்குப் பட்டியல் வந்தபோது வடக்குத் தெருவில் பத்து வீடுதான் இருந்தது. நஜீமாவுக்குத் தெரியும். போய் நின்றால், போன தடவை ஏன் வரவில்லை என்று பெனாசிர் கண்ணாலேயே கேட்பாளே என்று கடைசி வாசலைப் பார்க்காமல் திரும்பிவிட்டாள். மூன்றாவதற்குக் கொஞ்சம் குத்தியது. நாலாவதற்குக் குத்தவும் இல்லை. இதைத்தான் நான் அழுத்திச் சொல்கிறேன்: ஐந்தாவது விசேஷம் வந்தபோது, பெனாசிர் வேண்டாம் என்று சொன்னது நிஜம்தான் என்று நஜீமாவே நம்பிக்கொண்டிருந்தாள். ஓட்டை விழுந்த தலையில் அந்த மழை நாள் இல்லை. குறிப்பில் இருந்ததுதான் இருந்தது.

அடுத்த பெருநாள் கழிந்து, மர்வாவுக்கு நிக்காஹ் என்று காதில் விழுந்தது. மாப்பிள்ளை அரியலூர். நிக்காஹ் பெரம்பலூரில் ஒரு மண்டபத்தில், மாப்பிள்ளை பக்கம் நாற்பது பேர், பெண் பக்கம் வீட்டு ஆட்கள் மட்டும். லெப்பைக்குடிக்காட்டில் ஒருத்தருக்கும் சொல்லப்போவதில்லையாம்.

நஜீமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. பெண் வீட்டுக்காரி சந்தனமும் கற்கண்டும் தட்டில் வைத்துக்கொண்டு வந்து, "எங்களுக்காக நடந்து குடுங்க" என்று கேட்க வேண்டும். அது முறை. பெனாசிர் வரவே இல்லை. "என்னை மதிக்கலேன்னா போறாங்க, ஊரை மதிக்க வேணாமா? கேட்டுட்டு வர்றேன்" என்று துப்பட்டியைப் போட்டுக்கொண்டு அஸர் தொழுகைக்குப் பிறகு புறப்பட்டாள்.

பெனாசிர் கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, தண்ணீரும் கொடுத்தாள்.

"என்னம்மா பெனாசிரு, ஊருக்குத் தெரியாம நிக்காஹ் வெக்கிறீங்களாமே?"

"ஊருக்கு நாங்க வேணாம்ல லாத்தா. அதான்."

"யாரு சொன்னா வேணாம்னு?"

"நீங்கதான் சொன்னீங்க. வாயால சொல்லலை, காலால சொன்னீங்க." பெனாசிர் குரலை உயர்த்தவில்லை. "ஏழு விசேஷம். ஏழு தடவையும் பக்கத்து வூடு வரைக்கும் வந்துட்டுத் திரும்பினீங்க. சன்னல் திரைக்குப் பின்னால நின்னு பார்த்துட்டு இருந்தேன். மகன் பொண்டாட்டியைத் தலாக் பண்ணான்ல, அவளும் இந்த ஊருப் பொண்ணு, அதுக்கு ஊரு எங்களை ஒதுக்கி வெச்சிருச்சுன்னு நினைச்சேன். தப்பு எங்க பக்கம்னுட்டு வாயை மூடிக்கிட்டோம். என் மாமியார் மவுத்தானப்ப மையத்துக்கு ஊரே வந்துச்சு. மையத்துக்கு அழைப்பு வேணாம்ல."

கேட்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அந்த ஊரில் அழைக்காததற்குக் காரணம் கேட்பதைவிடக் கேவலம் கிடையாது. விருந்து வைத்த வீட்டார், அழைத்தும் வரவில்லை என்று முறைத்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் அழைக்கவில்லை என்று குனிந்துகொண்டிருந்தார்கள். நடுவில் நஜீமா.

ஆனால் நஜீமாவுக்கு அப்போதும் உறைக்கவில்லை. "நீங்கதானேம்மா வேணாம்னீங்க? நான் குறிச்சே வெச்சிருக்கேன். இருங்க, அது வாயால சொல்லட்டும்" என்று போனை எடுத்தாள்.

அது படித்தது. "சாகுல் ஹமீது வீடு, வடக்குத் தெரு. அவர்களாகச் சொல்லும்வரை அழைக்க வேண்டாம். 'அவங்களுக்கு இப்ப விசேஷத்துக்கு வர்ற மனசு இல்லையாம்.' எழுதச் சொன்னவர் நஜீமா. வீட்டில் யார் சொன்னது என்ற இடம் காலியாக இருக்கிறது. அன்று மற்ற பத்து வீட்டுக்கும் போன நேரம் இருக்கிறது, இந்த வீட்டுக்கு இல்லை."

'மனசு இல்லையாம்.' அது அவள் சொல். அந்த ஒரு சொல்லோடு மழை வந்தது, போண்டா வந்தது, நாத்தனார் சிரிப்பு வந்தது. நஜீமா போனை மடியில் போட்டாள். கையில் இருந்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைக்க இடம் தெரியவில்லை.

பெனாசிர் யோசித்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவள் முகம் தெளிந்தது. "அப்ப எங்க மாமியார்தான் சொல்லியிருப்பாங்க. கடைசியில அவங்களுக்குப் புத்தி தடுமாறிருச்சு. சன்னல் ஓரக் கட்டில்ல படுத்துக்கிட்டு, போறவங்க வர்றவங்களை எல்லாம் ஏசுவாங்க. நான் கொல்லையில இருந்திருப்பேன். நீங்க வந்ததே எனக்குத் தெரியல."

நஜீமா சொன்னாள், "இருக்கும்."

அந்த ஒரு வார்த்தைக்கு அவள் இன்னும் கூசுகிறாள். முதல் பொய் கோபத்தில் வந்தது. இது நிதானமாக, எதிராளி எடுத்துக் கொடுக்க, வாங்கிக்கொண்ட பொய். பெனாசிர் அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள், "ஒரு வருசமா தூக்கமில்ல லாத்தா, நாளைக்கே தட்டு கொண்டாறேன்" என்றாள். நஜீமா தலையை ஆட்டிவிட்டு இறங்கினாள்.

தெருவில் பத்தடி வந்திருப்பாள். கையிலிருந்த போன் பேசியது. அவள் அணைக்கவே இல்லை.

"நீங்கள் பேசியதைக் கேட்டேன். சாகுல் ஹமீது வீட்டுக் குறிப்பைத் திருத்தவா? அழைக்க வேண்டாம் என்றவர் மாமியார், மறைந்த ஜுலைகா பீவி. அவருக்குப் புத்தி தடுமாற்றம் இருந்தது. இப்படி எழுதவா?"

ஜுலைகா மாமி. நஜீமாவின் அம்மா மவுத்தானபோது முதல் ஆளாக வந்து குளிப்பாட்டிக் கொடுத்தவர். படுக்கையில் விழுந்தபிறகும் சன்னல் வழியாக, "நஜீமா, எந்த வூட்டுக் கல்யாணம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர். அவர் பெயரில் இதை எழுதிவிட்டால் அது அப்படியே இருக்கும். நாளைக்கு அவளுக்கே அது நிஜமாகிவிடும். ஒரு தடவை ஆகியிருக்கிறது.

"எழுதாத" என்றாள். சந்தின் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "எழுதாத. பொறு."

வீட்டுக்குப் போய் இலியாஸிடம் சொன்னாள். கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரின் முதுகைப் பார்த்துச் சொன்னாள், முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. மறதியைச் சொன்னாள், மழையைச் சொன்னாள், 'இருக்கும்' என்றதையும் சொன்னாள்.

இலியாஸ் நாற்காலியைத் திருப்பி அவளைப் பார்த்தார். "நான் அன்னைக்கு ஆளை வெச்சுக்கிட்டுச் சிரிச்சிருக்கக் கூடாது" என்றார்.

"நீங்க சிரிச்சதுக்கு நான் உங்களைத்தானே ஏசியிருக்கணும்? அந்தப் பொண்ணு வாசலை அடைச்சேன்."

"யாரு சொன்னதுன்னு இடம் போட்டேன். நீ சொல்றது நிஜமான்னு கேக்க இடம் போடல. எனக்கே தோணல."

மறுநாள் பெனாசிர் தட்டை எடுத்துக்கொண்டு வருவதற்குள் நஜீமா அங்கே போய்விட்டாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. நின்றபடி சொன்னாள். "உங்க மாமியார் ஒண்ணும் சொல்லலை. நான் அன்னைக்கு வரவே இல்லை. மறந்துட்டேன். கேட்டப்ப பொய் சொல்லிட்டேன். நேத்தும் சொல்லிட்டேன்."

உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த மர்வா வெளியே வந்தாள். "மையத்தாப் போனவங்க மேல போடுறது வசதிதான் மாமி. நன்னிம்மா எந்திரிச்சு வந்து இல்லேன்னு சொல்லப் போறதில்ல."

"மர்வா, உள்ள போ" என்றாள் பெனாசிர். மர்வா போகவில்லை. பெனாசிர் நஜீமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாப்புக் கேக்கத்தான் வந்தீங்களா?"

"ஆமா."

"எனக்கு இப்ப குடுக்க வரல லாத்தா. நேத்துத்தான் ஒரு வருசத்துக்குப் பெறவு நல்லாத் தூங்குனேன்." அப்புறம் சொன்னாள், "என்கிட்ட மட்டும் சொன்னா எப்படி? அந்த ஏழு வூட்டுலயும் நாங்க திமிரு பிடிச்சு வரலேன்னு நினைச்சுட்டு இருக்காங்க. அங்க போய்ச் சொல்லுங்க. அதுக்கப்புறம் என் மக நிக்காஹ் எங்கன்னு பார்க்குறேன்."

ஏழு வாசல். முந்நூற்று எண்பது வாசலை மூன்று நாளில் முடிக்கிறவளுக்கு, அந்த ஏழுக்கு இரண்டு நாள் ஆயிற்று. துப்பட்டியை முகத்துக்கு இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு போனாள். ஒரு வீட்டில், "வயசாச்சுல்ல, வேற ஆளைப் பார்த்துக்கிறோம்" என்றார்கள். ஒரு வீட்டில் கேட்டுவிட்டு ஒன்றுமே சொல்லாமல் உள்ளே போய்விட்டார்கள். அது எல்லாவற்றையும்விட மோசம். கடைசியாக அத்னானின் அம்மா.

"என்னாடி சொல்ற? நான் அவ மேல ஒரு வருசமாக் காறித் துப்பிட்டு இருக்கேன்டி. நாலு ஆட்டுக்கறி ஆக்கிக் கூப்பிட்டும் வரல, அவ்வளவு ராங்கியான்னு கேக்காத இடமில்ல." செருப்பைத் தேடினாள். "உன்னை அப்பறம் வெச்சுக்கிறேன். தள்ளு."

அந்தப் பெரிய உடம்போடு அவள் வடக்குத் தெருவைப் பார்த்து வேகமாக நடந்தாள். நஜீமா பின்னால் போகவில்லை. போக முகம் இல்லை.

நிக்காஹ் ஊரிலேயே நடந்தது. பெனாசிர் தட்டு கொண்டுவந்து, தட்டை வைத்து, நாளைச் சொல்லி, இனி எந்த அழைப்புக்கும் தங்கள் வாசலை விடக் கூடாது என்றும் சொல்லிவிட்டு உட்காராமல் போனாள். நஜீமா முந்நூற்று எண்பது வாசலும் நடந்தாள். நிக்காஹ் அன்றைக்கு அந்த வீட்டில் சேலைக் கூட்டம் தெருவில் வழிந்தது. நஜீமா பந்தல் காலோரம் நின்று வருகிறவர்களைப் பார்த்தாள். சாப்பிடு என்று பெனாசிர் ஆள் அனுப்பினாள், தான் வரவில்லை. நஜீமா கொஞ்சம் சோறு கொறித்துவிட்டுக் கையைக் கழுவினாள்.

இலியாஸ் அந்தப் பழைய வரியை அழித்துவிடலாம் என்றார். "தப்பானது எதுக்கு? சுத்தமா எடுத்துடுறேன்."

"எடுக்க வேணாம்."

"வடக்குத் தெருப் பட்டியல் வர்ற போதெல்லாம் படிச்சுக் காட்டும்டி. தெருவுல நின்னு கேக்கணுமே."

"கேக்குறேன். எடுத்தா நான் மறந்துருவேன். அப்புறம் இன்னொண்ணு சொல்லுவேன்."

"கொஞ்சம் பதமாவாச்சும் எழுதிக்கலாம். 'தவறுதலாக விட்டுப்போனது'ன்னு."

"நான் சொல்றதை எழுதச் சொல்லுங்க மச்சான்."

அதனால் இப்போதும் ஊரில் ஒரு விசேஷம் வந்தால், பத்தாவது வீடு முடிந்து தெருக்கோடிக்கு நடக்கும்போது போன் படிக்கிறது: "சாகுல் ஹமீது வீடு. அழைக்க வேண்டும், பெனாசிர் தன் வாயாலேயே சொன்னது. இதற்கு முன் இருந்த குறிப்பு பொய். நஜீமா போகவில்லை, போனதாகச் சொன்னார்."

யாராவது எதிரே வந்தால் நஜீமா சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறாள். முழுக்க அணைப்பதில்லை. அந்த வாசலில் நின்று ஸலாம் சொல்லி, பெனாசிர் திரையை விலக்கி "சரி, வர்றோம்" என்று தன் வாயால் சொல்கிறவரை அங்கேயே நிற்கிறாள். சில நாள் வெகுநேரம் நிற்க வேண்டியிருக்கிறது.